குரூசோவின் தீவும் மான்செஸ்ரர் வீதியும்
நடத்தைசார் பொருளியலும் பொதுச் சுகாதாரமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மனிதனின் நோயும் நலமும் அவனது சொந்தத் தெரிவுகளின் விளைவுகளா, அன்றி அவன் வாழும் சமுதாய அமைப்பின் விளைவுகளா என்னும் வினா வைத்தியத் துறைக்கு மாத்திரம் உரியதன்று. மனிதனைப் பற்றிய ஒரு கொள்கை அதனுள் மறைந்திருக்கின்றது. அக்கொள்கை காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளமையையும், அம்மாற்றங்கள் பொருளாதார, அரசியல் மாற்றங்களோடு இணைந்து நிகழ்ந்துள்ளமையையும் இலக்கிய வரலாற்று மாணவர்களாகிய நாமும் நோக்குதல் தகும். அண்மைக் காலத்தில் பொதுச் சுகாதாரத் துறையிற் செல்வாக்குப் பெற்றுள்ள நடத்தைசார் பொருளியலை, அது அரசாங்கக் கொள்கையாக முதன்முதல் வடிவம் பெற்ற பிரித்தானியாவின் வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாளித்துவப் பொருளியலாளர் தமது கோட்பாட்டை விளக்குதற்கு நெடுங்காலமாக விரும்பிக் கையாண்ட கதைமாந்தன் ரொபின்சன் குரூசோ. டானியல் டீபோவின் நாவல் வெளிவந்தது 1719 இலாகும். தன்னந்தனியனாய் ஒரு தீவில் ஒதுக்கப்பட்ட அம்மனிதன், ஒரு கணக்கப்பிள்ளையைப்போல நன்மை தீமைகளை இரு நிரலாக எழுதி எடை போடுகின்றான். தன் நேரத்தையும் உழைப்பையும் பங்கிடுகின்றான். நோயுற்றபோது புகையிலையை மதுவில் ஊறவைத்துத் தானே தனக்கு மருந்து செய்துகொள்கின்றான். தன் நலத்தைத் தானே கணித்துத் தெரிந்தெடுக்கும் 'பொருளாதார மனிதனின்' முழு உருவம் அவனிடத்தே உண்டு. இத்தகைய தனிமனிதனைச் சமுதாய ஆய்வின் தொடக்கமாகக் கொள்வதை மார்க்ஸ் எள்ளி நகையாடினார் என்பதை யாவரும் அறிவர். தீவிலே குரூசோ பயன்படுத்திய கருவிகளும் துப்பாக்கிகளும் உடைந்த கப்பலிலிருந்து எடுக்கப்பட்டவை. பிறர் உழைப்பால் ஆனவை. அக்கப்பலோ ஆபிரிக்கக் கரைக்கு அடிமைகளைப் பெற்றுவரப் புறப்பட்ட கப்பல். தனிமை என்று தோன்றுவதன் அடியில் ஓர் உலகப் பொருளாதாரமே கிடக்கின்றது. இதனை மனத்திற்கொண்டு நாம் மேலே செல்வோம்.

2

குரூசோவின் தீவிலிருந்து கைத்தொழிற் புரட்சிக் கால மான்செஸ்ரர் நகருக்கு வருவோம். ஏழைகள் சட்ட ஆணைக்குழுவின் செயலாளராயிருந்த எட்வின் சட்விக் 1842 இல் வெளியிட்ட, உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிய அறிக்கை, இறந்தோரின் சராசரி வயதை வர்க்க அடிப்படையில் தந்தது. மான்செஸ்ரரில் கனவான்கள், உயர்தொழிலினர் குடும்பங்களில் அது 38 வயது. வணிகர் குடும்பங்களில் 20. தொழிலாளர் குடும்பங்களில் 17. குழந்தை மரணங்களும் சேர்ந்த கணக்காதலின் எண்கள் இவ்வளவு தாழ்ந்திருந்தன. கிராமப்புறமான ரட்லண்டில் இவை முறையே 52, 41, 38 ஆகும். ரட்லண்டின் கூலியாளும் மான்செஸ்ரரின் கனவானும் ஒரே சராசரி வயதில் இறந்தனர் என்பது ஈண்டு கவனித்தற்குரியது. கூலியாளின் நற்பழக்கம் கனவானின் நற்பழக்கத்துக்கு ஒப்பாயிருந்தது என இதற்கு யாரும் விளக்கம் கூறார். இடமும் வர்க்கமும் சேர்ந்து ஆயுளை அளந்தன.

மூன்றாண்டுகளின் பின், 1845 இல், ஏங்கெல்ஸ் இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கம் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மனிதர் வாழமுடியாத நிலைமைகளில் அவர்களை வைத்திருந்து, அந்நிலைமைகளின் விளைவை அறிந்தும் அவற்றை மாற்றாதிருக்கும் சமுதாயம் கொலையே புரிகின்றது என்பது அவர் வாதம். சட்விக்கோ புரட்சிவாதி அல்லர். நோயுற்ற தொழிலாளரும் அவர்தம் விதவைகளும் ஏழைகள் வரிக்குச் சுமையாவதே அவரது கவலை. பட்டினியையும் கூலியையும் ஒதுக்கிவிட்டு அழுக்கை மாத்திரமே அவர் நோயின் காரணமாகக் கண்டார். எனினும் இருவரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டனர். மான்செஸ்ரர் தொழிலாளிக்கு நல்ல நீரைத் தெரிந்தெடுக்குமாறு உபதேசிப்பதில் பயனில்லை. நல்ல நீர் அங்கு இல்லை. 1848, 1875 ஆகிய ஆண்டுகளின் பொதுச் சுகாதாரச் சட்டங்கள் கழிவுக்கால்களையும் குழாய்களையும் பொதுப் பொறுப்பாக்கின. குழாய்நீரைக் குடித்தவன் ஒவ்வொரு நாளும் மனவுறுதியோடு நலத்தைத் 'தெரிந்தெடுக்க' வேண்டியிருக்கவில்லை. தெரிவின் களத்தையே மாற்றியமை பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுகாதார இயக்கத்தின் சாதனையாகும்.

3

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நோயின் முகம் மாறியது. கைத்தொழில் நாடுகளில் தொற்றுநோய்கள் பின்வாங்க, இருதய நோயும் புற்றுநோயும் முன்வந்தன. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை டோல், ஹில் ஆகிய இருவரும் 1950 இல் எடுத்துக்காட்டினர். புகைத்தல், உண்ணல், குடித்தல் என்பன தனிமனிதச் செயல்களாகத் தோன்றுவன. எனவே 'வாழ்க்கைப் பாணி' என்னும் கருத்து சுகாதாரக் கொள்கையின் மையத்துக்கு வந்தது. கனடாவின் சுகாதார அமைச்சர் மார்க் லலோண்ட் 1974 இல் வெளியிட்ட அறிக்கை நலத்தின் கூறுகளாக உயிரியல், சூழல், வாழ்க்கைப் பாணி, வைத்தியசேவை ஆகிய நான்கையும் கூறியது. ஆயின் பின்வந்தோர் அந்நான்கனுள் மூன்றாவதையே பெரிதும் பற்றிக்கொண்டனர். பிரித்தானிய அரசாங்கம் 1976 இல் நோய்த் தடுப்பை எல்லோருடைய கடமையாகவும் அறிவித்தது. எல்லோருடைய கடமையும் விரைவில் அவரவர் கடமையாயிற்று.

இப்போக்குக்கு மாறான சான்று அப்பொழுதே கிடைத்திருந்தது. 1977 இல் நியமிக்கப்பட்ட சேர் டக்ளஸ் பிளாக்கின் குழு, இலவசத் தேசிய சுகாதார சேவை தொடங்கி முப்பதாண்டுகள் கடந்த பின்னரும், திறனற்ற தொழிலாளர் ஓய்வு பெறும் வயதுக்கு முன்னர் இறக்கும் வாய்ப்பு உயர்தொழிலினரைவிட இரண்டரை மடங்கு அதிகம் எனக் கண்டது. இதற்கான முதற்காரணம் வாழ்க்கையின் பொருளியல் நிலைமைகளே என அது முடிவுகூறியது. அதற்குள் மார்கரெட் தட்சரின் ஆட்சி வந்துவிட்டது. 1980 இல் அவ்வறிக்கை 260 பிரதிகள் மாத்திரமே பெருக்கப்பட்டு, விடுமுறை நாளொன்றை ஒட்டி ஆரவாரமின்றி வெளியிடப்பட்டது. செலவு மிகுதி எனக் கூறி அரசாங்கம் பரிந்துரைகளை ஏற்க மறுத்தது. குரூசோ தன் தீவிலிருந்து சுகாதார அமைச்சுக்கு மீண்டு வந்தான் எனலாம்.

4

இச்சூழலிலேதான் நடத்தைசார் பொருளியல் வளர்ந்தது. அதனை வெறும் ஆளும் வர்க்கத் தந்திரம் என ஒதுக்கிவிடுதல் விஞ்ஞானபூர்வமான அணுகுமுறையாகாது. அதன் தோற்றமே பொருளாதார மனிதன் பற்றிய கற்பனைக்கு எதிரானதாகும். ஹேர்பேட் சைமன் 1955 இல், மனிதன் எல்லா வழிகளையும் கணித்துச் சிறந்ததைத் தெரிபவன் அல்லன், கிடைத்த அறிவுக்கும் நேரத்துக்கும் அமையப் போதுமானதைத் தெரிபவன் எனக் காட்டினார். டானியல் கானெமன், ஏமொஸ் ற்வேர்ஸ்கி ஆகியோரின் 1979 ஆம் ஆண்டு ஆய்வு, மனிதர் இலாபத்தைவிட இழப்பைப் பெரிதாகக் கருதுவதையும், ஒரே விடயம் கூறப்படும் முறைக்கேற்ப வெவ்வேறு முடிவுகள் எடுப்பதையும் பரிசோதனைகளால் நிறுவியது. றிச்சார்ட் தேலர் இவற்றைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தார். இம்மூவருள் கானெமன் 2002 இலும் தேலர் 2017 இலும் நோபல் பரிசு பெற்றனர். சைமன் அதற்கு முன்னரே 1978 இல் பெற்றிருந்தார்.

இவ்வாய்வுகளில் முற்போக்கான ஒரு கரு உண்டு. 'அறிவுறுத்தினோம், கேட்கவில்லை, ஆகவே நோய் அவர்கள் குற்றம்' என்னும் பழைய வாதத்தை இவை தகர்த்தன. மறதியும் சோம்பலும் இன்றைய இன்பத்தை நாளைய நலத்தினும் பெரிதாக மதித்தலும் ஏழைக்கு மட்டும் உரியன அல்ல, பேராசிரியருக்கும் உரியன. ஏழைக்கு அவற்றின் விலை அதிகம் என்பதே வேறுபாடு.

2008 இல் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்ரீனும் எழுதிய 'நட்ஜ்' என்னும் நூல் வெளிவந்தது. முழங்கையால் மெல்ல இடித்து உணர்த்துதல் என்பது அச்சொல்லின் பொருள்; நாம் அதனை மென்தூண்டல் எனக் குறிப்போம். பாடசாலை உணவுச்சாலை ஒன்றின் உதாரணத்தோடு நூல் தொடங்குகின்றது. உணவு வகைகளை வைக்கும் ஒழுங்கை மாற்றினாலே பிள்ளைகள் எடுக்கும் உணவு மாறுகின்றது. எவ்வாறாயினும் ஏதோ ஓர் ஒழுங்கில் வைத்தே ஆகவேண்டும். ஆகவே நலம் பயக்கும் ஒழுங்கில் வைப்போம் என்பது வாதம். எதனையும் தடைசெய்யாது, விலையையும் பெரிதும் மாற்றாது, தெரிவின் அமைப்பை மாத்திரம் திருத்துதலே மென்தூண்டலாகும்.

இவ்வுதாரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒழுங்கின்றித் தெரிவு இல்லை என்பது உண்மை. அது நமக்கும் உடன்பாடே. ஆனால் நூலின் உணவுச்சாலையில் ஒழுங்கமைப்பவர் நல்லெண்ணமுள்ள ஓர் அலுவலர். நாம் வாழும் உலகின் உணவுச்சாலையை ஒழுங்கமைத்திருப்போர் சீனியையும் உப்பையும் மதுவையும் புகையிலையையும் விற்று இலாபம் ஈட்டுவோர். அவர்கள் இக்கலையை உளவியலாளரிடமிருந்து கற்கக் காத்திருக்கவில்லை. குரூசோவின் இடத்தில் மறதியுள்ள குரூசோவை வைத்த நடத்தைசார் பொருளியல், தீவை விட்டு வெளியே வரவில்லை. தீவு யாருடையது என்னும் வினா எழுப்பப்படாமலே நின்றது.

5

பிரித்தானியக் கூட்டாட்சி அரசாங்கம் 2010 இல் அமைச்சரவைச் செயலகத்தினுள் நடத்தை நுண்ணறிவுக் குழு என ஒன்றை அமைத்தது. அதே அரசாங்கம் பொதுச் செலவைக் கடுமையாகக் குறைக்கத் தொடங்கியதும் அதே ஆண்டிலாகும். சட்டமும் செலவும் வேண்டாத ஒரு சீர்திருத்த முறை அக்காலத்தில் விரும்பப்பட்டமை தற்செயலானதன்று. 2011 மார்ச்சில் சுகாதார அமைச்சு உணவு, மதுபானக் கம்பனிகளோடு 'பொறுப்புடைமை உடன்பாடு' ஒன்றைச் செய்தது; கம்பனிகள் தாமாக முன்வந்து வாக்குறுதிகள் அளிக்கும்; அரசாங்கம் கட்டாயப்படுத்தாது. பிரித்தானிய வைத்தியச் சங்கமும் அரச வைத்தியர் கல்லூரியும் மதுபானம் பற்றிய பகுதியில் ஒப்பமிட மறுத்தன. அவ்வாண்டு யூலையில் பிரபுக்கள் சபையின் விஞ்ஞான தொழில்நுட்பக் குழு, மென்தூண்டல் முதலியன சட்ட ஒழுங்குகளின் துணையின்றித் தனித்துக் கையாளப்படின் பயனளித்தல் அரிது என்னும் கருத்தை வெளியிட்டது. நடத்தை நுண்ணறிவுக் குழு 2014 இல் பகுதியளவில் தனியார்மயமாகி, 2021 இன் இறுதியில் முற்றாக அரசாங்கத்தின் கையைவிட்டு அகன்றது. பொதுநலத்துக்கான அறிவே ஒரு விற்பனைப் பண்டமாயிற்று.

இனி, பயன்கள் யாவை எனப் பார்ப்போம். தேவைக்கு மேலாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எழுதிய இங்கிலாந்தின் பொது வைத்தியர்களுக்கு, அவர்களுடைய பகுதியில் பெரும்பாலானோர் அவர்களிலும் குறைவாகவே எழுதுகின்றனர் எனப் பிரதம வைத்திய அலுவலரின் பெயரில் ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. 2016 இல் வெளியான முடிவின்படி மருந்தெழுதும் வீதம் நூற்றுக்கு 3.3 குறைந்தது. ஒரு கடிதத்தின் செலவை எண்ணும்போது இது சிறந்த பயனே. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் நோயாளருக்கெனத் தயாரிக்கப்பட்ட துண்டுப்பிரசுரங்களும் சுவரொட்டிகளும் குறிப்பிடத்தக்க விளைவெதனையும் தரவில்லை. நிறுவன அதிகாரத்தோடு பேசிய கடிதம் பலித்தது. தனிமனிதனை நோக்கிய உபதேசம் பலிக்கவில்லை.

உடலுறுப்புத் தானம் இத்துறையினர் அடிக்கடி காட்டும் வெற்றி. மறுத்தாலன்றிச் சம்மதம் எனக் கொள்ளும் ஒஸ்திரியாவில் சம்மதம் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு எனவும், விரும்பிப் பதிவுசெய்ய வேண்டிய ஜேர்மனியில் அது 12 மட்டுமே எனவும் 2003 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. எனினும் பதிவேட்டிலுள்ள சம்மதம் வேறு, நிகழ்ந்த மாற்றுச்சிகிச்சை வேறு. ஸ்பெயின் மறுத்தாலன்றிச் சம்மதம் என்னும் சட்டத்தை 1979 இலேயே இயற்றியது. பத்தாண்டுகளின் பின்னும், 1989 இல், அங்கு தானம் செய்தோர் பத்து இலட்சம் மக்களுக்கு 14 பேரளவிலேயே இருந்தனர். அவ்வாண்டு தேசிய மாற்றுச்சிகிச்சை நிறுவனம் அமைக்கப்பட்டு, வைத்தியசாலைகள் தோறும் பயிற்சி பெற்ற இணைப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். பின்னர் அவ்வெண் 40 ஐயும் கடந்தது. உயர்வுக்குக் காரணம் சட்டமன்று, அமைப்பே என அந்நிறுவனத்தைத் தொடங்கி நடத்திய றபாயெல் மத்தேசான்ஸ் வலியுறுத்தி வந்தார்.

மென்தூண்டலின் எல்லையைக் கடந்த நடவடிக்கைகளே பெரும்பயன் தந்துள்ளன. 2018 ஏப்பிரலில் பிரித்தானியா மென்பானங்களுக்கு வரி விதித்தது. 100 மில்லிலீற்றரில் 5 கிராமோ அதற்கு மேலோ சீனியிருந்தால் அப்போது லீற்றருக்கு 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் 24 பென்ஸ். வரி 2016 இல் அறிவிக்கப்பட்டமையால் கம்பனிகளுக்கு இரண்டாண்டு அவகாசம் இருந்தது. நடைமுறைக்கு வருமுன்னரே அரைவாசிக்கு மேற்பட்ட உற்பத்தியாளர் சீனியைக் குறைத்தனர். ஆண்டுக்கு 45 மில்லியன் கிலோகிராம் சீனி அகற்றப்பட்டதாக நிதியமைச்சு மதிப்பிட்டது. அரசாங்கம் மாற்றியது குடிப்பவனின் மனத்தையன்று, உற்பத்தியாளனின் கணக்கை. உப்பின் கதையும் இதனை ஒத்ததே. அரசாங்க உணவு முகவர் நிலையம் உணவு வகைதோறும் இலக்குகள் விதித்துக் கம்பனிகளைக் கண்காணித்தது. பாணிலும் பிற உணவுகளிலும் உப்பு சிறிது சிறிதாகக் குறைய, 2001 அளவில் நாளொன்றுக்கு 9.5 கிராமாயிருந்த சராசரி உட்கொள்கை 2011 இல் 8.1 கிராமாயிற்று. கண்காணிப்பு தளர்ந்து பொறுப்புடைமை உடன்பாடு வந்த பின் அவ்வீழ்ச்சி தொடரவில்லை.

ஸ்கொத்லாந்து மதுபானத்துக்குக் குறைந்தபட்ச விலை விதிக்கும் சட்டத்தை 2012 இல் இயற்றியது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் ஐந்தாண்டுகளுக்கு மேல் வழக்காடியது. அவ்வழக்குத் தோற்று 2018 மே மாதத்தில் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், மதுவால் நேரடியாக விளையும் மரணங்கள், சட்டமில்லாதிருப்பின் எதிர்பார்க்கத்தக்க அளவினும் நூற்றுக்கு 13.4 குறைந்தன என 2023 இல் வெளியான ஆய்வு கூறியது. பயன் மிகுதியாகக் கிடைத்தது மிக வறிய பகுதிகளுக்கே. மென்தூண்டலை எதிர்த்து எந்தக் கம்பனியும் ஐந்தாண்டு வழக்காடியதாக நாம் அறியோம். ஒரு நடவடிக்கை யாருடைய இலாபத்தைத் தொடுகின்றது என்பதை அறிய இது நல்ல உரைகல்லாகும்.

6

நம் நாட்டு வரலாற்றிலும் இப்பிரச்சினை புதியதன்று. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவினர் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடக்கினர். தோட்டத் தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. மலசலகூடம் பயன்படுத்தும்படியும் போதிக்கப்பட்டது. போதிய மலசலகூடங்களைக் கட்டுதல் தோட்ட உரிமையாளரின் செலவாயிருந்தமையால் அது பின்தங்கியது. குணமடைந்தவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு கொழுந்து பறிக்கச் சென்று மீண்டும் தொற்றுக்கு ஆளாயினர். தொழிலாளரின் அறியாமை அறிக்கைகளில் எளிதில் இடம்பெற்றது. லயத்தின் அமைப்பு எளிதில் மாறவில்லை.

அண்மைக் காலத்தில் 2015 இல் சிகரட் பெட்டியின் நூற்றுக்கு 80 பரப்பில் படத்துடன் கூடிய எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. அதன் முன்னோடி ஒழுங்குவிதிகளைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றத்தில் எதிர்த்திருந்தது. 2016 ஓகத்திலிருந்து மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் குறிக்கும் விதி வந்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் சிவப்பு நிறத்தைக் காட்டுவதோடு அரசின் கடமை முடிந்தது என்றால், நிறத்தைக் கண்டும் வாங்கியவன் குற்றவாளியாகி விடுவான். எச்சரிக்கை, பழியை இடம்மாற்றும் கருவியாகி விடக்கூடாது.

7

இத்துறையினருள்ளும் சுயவிமரிசனம் எழுந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவில் இரு மென்தூண்டல் நிறுவனங்கள் நடத்திய 126 பரிசோதனைகளைத் தொகுத்த 2022 ஆம் ஆண்டு ஆய்வொன்றின்படி, ஆய்வேடுகளில் வெளியானவற்றின் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளிகளாயிருக்க, நடைமுறையில் நிகழ்ந்த விளைவு 1.4 மட்டுமே. அதே ஆண்டில், நடத்தைசார் பொருளியலை வளர்த்தோருள் ஒருவரான ஜோர்ஜ் லோவென்ஸ்ரீனும் உளவியலாளர் நிக் சேட்டரும், சமுதாயப் பிரச்சினைகளைத் தனிமனிதச் சட்டகத்தினுள் வைத்துப் பார்த்தமையால் தம் துறையினர் அமைப்புச் சார்ந்த மாற்றங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிட்டனர் எனவும், அது பெருங் கம்பனிகளுக்கு வாய்ப்பாயிற்று எனவும் எழுதினர். பிளாக் குழு 1980 இல் கண்ட முடிவை வேறொரு வழியாக அவர்கள் வந்தடைந்தனர் எனலாம்.

நாமும் ஒரு தவற்றினின்று விலகுதல் வேண்டும். அமைப்பு மாறினால் பழக்கம் தானே மாறும் என எண்ணி, மனிதரின் அன்றாட நடத்தையை ஆராயாது விடுவது இயந்திரவாதமாகும். குழாய் அமைத்தபின் அதனருகே கைகழுவும் பழக்கம் எவ்வாறு உருவாகின்றது, மருந்தெடுக்க மறக்கும் முதியவருக்கு எவ்வாறு நினைவூட்டுவது, கிளினிக்குக்கு வரும் தாயின் காத்திருப்பை எவ்வாறு குறைப்பது என்பன உண்மையான வினாக்கள். இவற்றுக்கு நடத்தைசார் பொருளியல் விடை தருமாயின் அதனை நாம் ஏற்றுப் பயன்படுத்தல் வேண்டும். பொதுவுடைமையாய் அமைந்த சேவையில் அது நல்ல கருவி. அச்சேவைக்குப் பதிலாக வைக்கப்படும்போதே அது கருத்தியலாகின்றது.

அமைப்பை மாற்றுதல் மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் என்பது இதற்கெதிராகக் கூறப்படும் பிரதான வாதம். மான்செஸ்ரரின் வரலாறு இதற்கு மறுமொழி தருகின்றது. குழாய்நீர் வந்தபோது அந்நகரத் தொழிலாளி இழந்தது அழுக்கு நீரைக் குடிக்கும் உரிமையை. பெற்றது தன் பிள்ளை ஐந்து வயதைக் காணும் என்னும் நம்பிக்கையை. இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளில் வாழும் பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 2010 இன் பின் வந்த ஆண்டுகளில் வீழ்ச்சியுற்றதாக மைக்கல் மார்மொட்டின் 2020 ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. மென்தூண்டல் அரசாங்கக் கொள்கையாய் இருந்த பத்தாண்டுகள் அவை. மென்தூண்டலே அவ்வீழ்ச்சிக்குக் காரணம் என நாம் கூறவில்லை. குறைக்கப்பட்ட வீட்டு வசதியும், குறைக்கப்பட்ட உதவிப்பணமும், மூடப்பட்ட சமூக நிலையங்களும் எத்துணை நயமான கடிதத்தாலும் ஈடுசெய்யப்பட மாட்டா என்பதே நாம் கூறுவது. சட்விக்கின் 1842 ஆம் ஆண்டு நிரலில் இருந்த வினா இன்றும் அதேதான்: எத்தெருவில் பிறந்தவர் எத்தனை ஆண்டு வாழ்கின்றார்? தெரிவைப் பற்றிய எந்தச் சுகாதாரக் கொள்கையும் முதலில் இவ்வினாவுக்கு விடை கூறுதல் வேண்டும்.